அன்றாடப் பொருள்களில் கலை



அன்றாட வாழ்வில் நாம் காணும் கலையைப் பற்றி உங்களோடு பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னை அழைத்தபோது, தவறான ஆளைத் தேடி வந்துவிட்டீர்களோ என்றுதான் முதலில் கேட்டேன். நான் கணக்கு ஆசிரியன். பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஓவியம் வராது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், கரும்பலகையில் படம் வரைந்து பாடம் நடத்திக் காட்டுவது பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. நான் ஒரு பசுவை வரைந்தேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த நாய்க்கு ஏன் கொம்பு முளைத்திருக்கிறது?" என்று மிகுந்த அக்கறையோடு வினவினாள். வட்டத்தையும் முக்கோணத்தையும் தவிர வேறெதையும் இனிக் கரும்பலகையில் வரைவதில்லை என்று அன்றே உறுதி பூண்டேன். அவ்வுறுதியை இன்றுவரை காத்து வருகிறேன்.

அப்படிப்பட்டவன் கலையைப் பற்றி ஏன் பேச வந்தேன் என்பதை முடிவில் சொல்கிறேன். அது ஒரு பிழையைப் பற்றிய செய்தி. அதற்கு முன் சொல்ல வேண்டியவை சில உள.

கலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மாமல்லபுரத்துச் சிற்பங்களும், தஞ்சைப் பெரிய கோயிலும், எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளுமே. ஆண்டுக்கு ஒரு முறை பேருந்து அமர்த்திக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்தோடு போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறோம். பார்க்க வேண்டியவைதாம். ஆனால் ஆண்டின் மற்ற நாள்களில் நம் கண்களுக்கு என்ன வேலை? காலையில் எழுந்ததும் நீங்கள் கையில் எடுக்கும் செம்பு, காப்பி ஆற்றும் டபரா, அன்னையார் உடுத்தியிருக்கும் சேலை, வாசலில் இட்டிருக்கும் கோலம் ஆகியவற்றையெல்லாம் யாரோ ஒருவர் சிந்தித்துத்தான் செய்திருக்கிறார். அச்சிந்தனை நமக்குப் புலப்படுவதில்லை. பழகிப்போன பொருளைக் கண் பார்ப்பதில்லை, கை மட்டுமே பார்க்கிறது.

செம்பை எடுத்துக்கொள்வோம். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் கணவன் மனைவியர், இந்திய அரசின் அழைப்பின் பேரில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்தனர். நம் நாட்டுச் சிறுதொழில்களுக்குத் துணையாகும் வடிவமைப்புப் பயிற்சித் திட்டம் ஒன்றைப் பரிந்துரைப்பதே அவர்கள் பணி. 1958-இல் அவர்கள் அளித்த அறிக்கையில், தாம் இந்தியாவில் கண்டு வியந்த பொருள்களுள் முதன்மையானதாக எதைக் குறித்தார்கள் தெரியுமா? தாஜ்மகாலை அன்று, வடநாட்டார் 'லோட்டா' என்று வழங்கும் செம்பை.

அவர்கள் வியந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு செம்பைப் புதிதாக வடிவமைக்க ஒருவர் உட்கார்ந்தால் எத்தனை கேள்விகளுக்கு அவர் விடை காண வேண்டும்? எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தூக்குகிறவர் ஆடவரா, பெண்டிரா, சிறுவரா? கையில் பிடிப்பரா, இடுப்பில் வைப்பரா, தலையில் சுமப்பரா? நிறைந்திருக்கும்போது பாரம் எங்கே நிற்கும், காலியாக இருக்கும்போது எங்கே நிற்கும்? சாய்த்தால் நீர் ஒழுங்காக விழுமா? உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா? சூடான பாலை ஊற்றினால் கை சுடுமா? விலை என்ன? உடைந்தால் உலோகம் திரும்பப் பயன்படுமா? இத்தனைக்கும் விடை ஒரே வடிவத்தில் அடங்கியிருக்கிறது. இதை எந்தத் தனி மனிதரும் வடிவமைத்திருக்க முடியாது. எத்தனையோ தலைமுறைகள் சிறிது சிறிதாகத் திருத்தித் திருத்தி அமைத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத் நகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. உங்களுள் சிலர் நாளை அங்கே படிக்கவும் கூடும்.

இன்று நம் தெருக்களில் வரிசையில் நிற்பவை பித்தளைக் குடங்கள் அல்ல, பிளாஸ்டிக் குடங்கள். அவற்றை உற்றுப் பாருங்கள். பொருள் மாறிவிட்டது, நிறம் மாறிவிட்டது. பருத்த வயிறும், ஒடுங்கிய கழுத்தும், விரிந்த வாயும் மாறவில்லை. ஆலையில் அச்சு வார்த்தவர் அதைச் சதுரமாகவே வார்த்திருக்கலாம். லாரியில் அடுக்க எளிதாயிருந்திருக்கும். ஆனால் இடுப்பு சதுரமாக இல்லையே! ஒடுங்கிய கழுத்து, நடக்கும்போது நீர் தளும்பிச் சிந்தாமல் காக்கிறது. கையை வளைத்துப் பிடிக்கவும் இடந்தருகிறது. காப்பி டம்ளரின் விளிம்பு வெளிப்புறம் மடிந்திருப்பதும் இத்தகையதே. அம்மடிப்பு இல்லையேல் சூடான டம்ளரை விரல்நுனியால் பற்ற இயலாது. இதற்கு மாறாக, உணவு விடுதிகளில் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கும் சில கூசாக்கள் இருக்கின்றன. குவளையில் பாதியும் நம் மடியில் பாதியும் ஊற்றும். அவற்றைச் செய்தவர் ஒரு முறையேனும் அவற்றில் நீர் ஊற்றிப் பார்த்திருப்பாரா என்று நான் ஐயுறுவதுண்டு.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். நம் நெசவாளரும் சேலை வாங்கும் பெண்டிரும் நிறங்களுக்கு இட்டிருக்கும் பெயர்களை நீங்கள் கவனித்ததுண்டா? கிளிப்பச்சை, மாந்துளிர், அரக்கு, கத்தரிப்பூ, வாடாமல்லி, வெங்காயச் சருகு, பாக்கு நிறம். ஒவ்வொன்றும் தோட்டத்திலோ அடுக்களையிலோ கண்ட ஒரு பொருள். வெங்காயத்தை உரித்து எறியும்போது அதன் சருகில் உள்ள இளஞ்சிவப்பை நின்று பார்த்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். அதைச் சேலையில் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உள்ளக் கிளர்ச்சி வேண்டிக் கவிஞர்கள் மலையுச்சிக்குப் போவதாகப் படிக்கிறோம். இவருக்கு முறத்தில் கிடந்த சருகே போதுமானதாயிற்று.

இவற்றுள் 'மயில் கழுத்து' என்பது தனிச் சிறப்புடையது. அது ஒரு நிறமன்று, இரண்டு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை மற்றொரு நிறம். பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் இருந்தால், துணி அசையும்போது ஒளி ஒருபுறம் பட்டு நீலமும் மறுபுறம் பட்டுப் பச்சையும் மாறி மாறித் தோன்றும். மயில் தன் கழுத்தைத் திருப்பும்போது நிகழ்வதைத் தறியில் நிகழ்த்திக் காட்டியிருக்கிறார் நெசவாளர். அதற்கேற்ற பெயரும் இட்டிருக்கிறார்.

இனி, காஞ்சிபுரத்துக் 'கோர்வை'ச் சேலையில் உடல் ஒரு நிறமாகவும் கரை அதற்கு முற்றிலும் மாறான நிறமாகவும் இருக்கும். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை. மஞ்சள் உடலுக்குக் கத்தரிப்பூக் கரை. இரண்டும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, எல்லைக் கோட்டில் ஒவ்வோர் ஊடையும் மற்றொன்றோடு கோத்துக்கொண்டு வர வேண்டும். பழைய முறையில் இதற்குத் தறியில் இருவர் அமர்வர். இத்தனை உழைப்பு எதற்காக? ஒரு நிறத்தை மற்றொரு நிறத்தின் அருகில் வைத்தால் இரண்டுமே வேறாகத் தோன்றும் என்பது அவர்கள் கண்ணறிந்த உண்மை.

இதே உண்மையைப் பிரான்சு நாட்டில் ஒரு வேதியியல் அறிஞர் வேறு வழியாகக் கண்டார். மிசேல் யூஜீன் செவ்ரல் என்பது அவர் பெயர். 1824-இல் பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்கு அவர் தலைவரானார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்தால் மங்கித் தெரிகிறது என்று அவரிடம் முறையிட்டார்கள். அவர் சாயத்தைச் சோதித்தார், குறையொன்றும் இல்லை. பிறகுதான் குறை சாயத்தில் இல்லை, காணும் கண்ணில் உள்ளது என்று உணர்ந்தார். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன. 1839-இல் இதைப் பெருநூலாக எழுதி வெளியிட்டார். பின்னர் வந்த ஓவியர் பலருக்கு அது வழிகாட்டியாயிற்று. நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். சாம்பல் நிறத் தாளில் ஒரே அளவாக இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாள்மேலும் மற்றொன்றை வெள்ளைத் தாள்மேலும் வையுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்று உங்கள் தம்பியிடம் சொன்னால் அவன் நம்ப மாட்டான்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். என் பிழையும் இங்கேதான் இருக்கிறது.

1994-ஆம் ஆண்டு. நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். இயற்கணிதத்தில் காரணிப்படுத்துதல். கடைசி இருக்கையில் ஒரு மாணவன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். என் கணக்கைத்தான் போடுகிறான் என்று மகிழ்ந்து அருகே சென்றேன். குறிப்பேட்டின் பின்பக்கங்களில் புள்ளிகள் வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குச் சினம் மூண்டது. அப்பக்கங்களைக் கிழித்தெடுத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். "கோலம் போடுவதாக இருந்தால் உன் அக்காளோடு வாசலில் உட்காரவேண்டியதுதானே? பள்ளிக்கு எதற்கு வந்தாய்?" என்றேன். வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. அதன் பின் என் வகுப்பில் அவன் எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை. என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. அவ்வாண்டு இறுதியில், மாமன் ஊரில் வேலைக்குப் போய்விட்டான் என்று சொன்னார்கள்.

பின்னர் நான் தலைமையாசிரியனானேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடக் கூடாதே என்ற கவலையில், ஓவியப் பாடவேளைகளை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு கணக்குக்கும் அறிவியலுக்கும் மாற்றிச் சுற்றறிக்கை அனுப்பினேன். ஓவிய ஆசிரியர் அதைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுத்து ஒரு சொல் சொன்னாரில்லை. பழகிப்போயிருக்க வேண்டும்.

ஓய்வு பெற்றபோது என் அலமாரியைக் காலி செய்தேன். பழைய மதிப்பெண் பட்டியல் எழுதிய தாள் ஒன்று அகப்பட்டது. திருப்பிப் பார்த்தேன். மறுபுறம் அந்த மாணவனின் கோலங்கள். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், வீணாக்க மனமின்றி அதில் மதிப்பெண் எழுதி வைத்திருக்கிறேன்! கோலங்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கீழும் சிறிய எழுத்தில் மூன்று எண்கள் இருந்தன. 3, 4, 1 என்று ஒன்று. 4, 6, 2 என்று ஒன்று. 6, 9, 3 என்று ஒன்று.

வானொலியில் படம் காட்ட இயலாது. ஆதலால் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். ஓர் ஓரத்தில் தொடங்கி, அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவே சாய்வாகக் கடந்து செல்லுங்கள். ஓரத்துப் புள்ளியை அடைந்ததும் அதைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்புங்கள். இடையில் எங்கும் திரும்பக் கூடாது. ஓரத்தில் மட்டுமே திரும்பலாம். கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்போது, எல்லாப் புள்ளிகளும் அந்த ஒரே கோட்டுக்குள் அடங்கியிருக்கும். இனி நான்கு வரிசையும் வரிசைக்கு ஆறு புள்ளியும் வைத்துப் பாருங்கள். கோடு பாதியிலேயே வந்து சேர்ந்துவிடும்; மிச்சத்துக்கு இரண்டாவது கோடு ஒன்று போட வேண்டும். ஆறு வரிசையும் ஒன்பது புள்ளியுமானால் மூன்று கோடுகள். உங்களுள் கணக்கில் விருப்பமுள்ளவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எத்தனை கோடுகள் தேவைப்படும் என்பது அவ்விரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி.

அவன் வரைந்துகொண்டிருந்தது வெறுங்கோலம் மட்டும் அன்று. இரண்டு எண்களுக்கும் கோடுகளின் தொகைக்கும் உள்ள உறவைத் தானே தேடிக்கொண்டிருந்தான். நான் அன்று கரும்பலகையில் நடத்திய பாடமும் பொதுக் காரணிகளைப் பற்றியதே என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் உறக்கம் கலைகிறது.

பிறகுதான் நூல்களைத் தேடினேன். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அவர்களும், ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோரும் சேர்ந்து, கோலங்களைக் கணினிக்கு உரிய ஒருவகை இலக்கணமாக வகுத்து 1974-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள் என்று அறிந்தேன். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைப்பதற்கு விதிகள் இருப்பதுபோல், புள்ளிகளும் வளைவுகளும் சேர்ந்து கோலமாவதற்கும் விதிகள் உண்டு என்று காட்டினார்கள். நான் கணக்கு ஆசிரியனாவதற்கும் முன்பு வெளிவந்த கட்டுரை அது. அந்த மாணவனைக் கடிந்துகொள்வதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அவன் செய்தது கணக்குத்தான் என்பதற்குச் சான்று ஒரு நூலகத்தில் காத்திருந்திருக்கிறது.

நூல்களைத்தான் நாடினேனே தவிர, வீட்டில் உள்ளவரைக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு மார்கழி மாதக் காலையில் என் மனைவியின் அருகே அமர்ந்து, சுண்ணக்கட்டியால் ஐந்து வரிசையும் வரிசைக்கு ஐந்து புள்ளியும் வைத்து ஒரே கோட்டில் முடிக்க முயன்றுகொண்டிருந்தேன். அவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஐந்துக்கு ஐந்து வைத்தால் ஒரே இழை வராதுங்க. ஒரு வரிசை கூட்டி வையுங்கள், சேர்ந்துவிடும்" என்றார். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இல்லை என்பதை நான் எத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன்! அவர் ஐந்தாம் வகுப்பு வரையே படித்தவர். எப்படித் தெரியும் என்று வினவினேன். "போட்டுப் போட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கோல மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்துக்கு ஐந்தையும் ஒரே கோட்டில் முடிக்கும் வித்தை உண்டு என்பதையும், இடையில் தக்க இடங்களில் கோட்டைத் திருப்பிவிட்டால் போதும் என்பதையும் மறுநாள் காட்டிக் கொடுத்தார். அவ்விடங்களைத் தேர்வதில்தான் கைத்திறன் இருக்கிறது. எனக்கு அது இன்னும் கைவரவில்லை. என் கோடுகள் சுற்றிச் சுற்றி எங்கேயோ போய் நிற்கின்றன.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அந்த மாணவருக்கு இப்போது நாற்பத்தைந்து வயதாகியிருக்கும். எந்த ஊரில் என்ன தொழில் செய்கிறாரோ, அறியேன். அவர் வானொலி கேட்கும் வழக்கமுடையவரானால், அவருக்கு ஒரு செய்தி. தாளில் நான்காவதாக ஒரு கோலம் இருக்கிறது. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு புள்ளி. கீழே 8, 12 என்று மட்டுமே எழுதியிருக்கிறது. மூன்றாவது எண் இல்லை. இரண்டு கோடுகள் முடிந்து, மூன்றாவது கோடு பாதிவழியில், இரு புள்ளிகளின் நடுவே, சற்றே இழுபட்டு நிற்கிறது. நான் குறிப்பேட்டைப் பிடுங்கிய இடம் அது. மிச்சத்தை நான் வரையாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.